கும்பிடாத கல்

கல்லை வீட்டுக்குள் கொண்டுவர எங்கள் பக்கம் இரண்டே காரணங்கள்தான் உண்டு. ஒன்று வேலை, இன்னொன்று சாமி. அம்மி, குழவி, ஆட்டுக்கல், உரல், கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக்கொடுக்கும் கல் எல்லாம் முதல் கணக்கு. பூஜை அலமாரியில் இருக்கும் சாளக்கிராமம், பாணலிங்கம் எல்லாம் இரண்டாவது கணக்கு. இரண்டிலும் சேராத ஒரு கல்லை முன்னறையில் வைத்து, "இது எதுக்கு?" என்று கேட்பவரிடம் "சும்மா பார்க்கிறதுக்கு" என்று சொல்லிப் பாருங்கள். அவர் கல்லைப் பார்க்க மாட்டார், உங்களைத்தான் பார்ப்பார்.

என் அப்பா அந்தப் பார்வையை வருடக்கணக்கில் வாங்கியவர். கொல்லிமலையில் அரசுப் பள்ளி வாத்தியார். வாரநாட்களில் செம்மேட்டில் ஒரு வாடகை அறை, சனி ஞாயிறு சேந்தமங்கலத்தில் வீடு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி காரவள்ளி வழியாக வரும் பஸ்ஸில் வருவார். பையில் சோளக்காட்டுச் சந்தையில் வாங்கிய மலைவாழைப்பழம் இருக்கும், மிளகு இருக்கும், பருவத்தில் பலாச்சுளை இருக்கும். சில வாரங்களில் எல்லாவற்றுக்கும் அடியில், துண்டில் சுற்றி ஒரு கல் இருக்கும். அம்மா பையைக் கையில் வாங்கும்போதே கனத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடுவார். "இந்த வாரமும் கல்லுங்களா?"

அப்பா எல்லாக் கல்லையும் எடுப்பவர் இல்லை. நூறு கல்லைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டுத் தொண்ணூற்றொன்பதை இருந்த இடத்திலேயே வைத்துவிடுவார். நிறைய கற்கள் அவர் எடுத்ததும் இல்லை, மாணவர்கள் கொண்டுவந்து கொடுத்தவை. உழும்போது, களை எடுக்கும்போது வயலில் கிடைப்பதை "சார், இது ஆமை மாதிரி இருக்குதுங்க", "இது அடைகோழிங்க" என்று எடுத்து வருவார்கள். அப்படி வந்த கற்களுக்குக் கொடுத்த பிள்ளையின் பெயரை அடியில் பென்சிலால் எழுதி வைப்பார். வீட்டில் முன்னறை ஜன்னல் திண்டில் வரிசையாக வைத்திருந்தார். உருண்டு விடாமல் இருக்க, மண்பானைக்கு அடியில் வைக்கிற வைக்கோல் பிரிமணையைச் சின்னதாகத் திரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒன்று. அவர் போனபோது 31 கற்கள் இருந்தன.

அம்மாவுக்கு அந்த ஜன்னலைக் கண்டாலே பயம். கல்லின் அழகு அவருக்குத் தெரியாமல் இல்லை. அவர் கவலை வேறு. "பார்த்துக்கிட்டே இருந்தா கல்லுக்குக் கண்ணு தொறந்துரும் சாமி. அப்பறம் அதுக்கு யாரு சோறு போடறது?" சிற்பி சிலையைச் செதுக்கி முடித்து கடைசியில் கண் திறப்பதைக் கேள்விப்பட்டிருக்கிறோம். அம்மாவின் கணக்கில் அதற்கு உளியே வேண்டாம். மனுஷன் உற்றுப் பார்த்தாலே போதும். அதனால் ஒரு வெள்ளிக்கிழமை, தொந்தி போலப் புடைத்த ஒரு சின்னக் கல்லை மட்டும் எடுத்து மஞ்சள் தண்ணீரில் கழுவி, குங்குமம் வைத்து, பூஜை அலமாரியில் ஏற்றிவிட்டார். ஊருக்கு வந்த அப்பா ஜன்னலையும் அலமாரியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "போச்சு. இனிமே அது என் கல்லு இல்லை."

அப்பா செய்துகொண்டிருந்த காரியத்துக்கு உலகத்தில் ஒரு பெயர் இருக்கிறது என்பது எனக்கு அவர் போன பிறகுதான் தெரிந்தது. 2019இல் வந்த 'பாரசைட்' கொரியப் படத்தில் ஏழைக் குடும்பத்துக்கு ஒருவன் ஒரு கல்லைப் பரிசாகக் கொண்டுவருவான். மரப்பீடத்தில் உட்காரவைத்த, மலை போன்ற கல். தியேட்டரில் எல்லோரும் அதைக் கதையின் குறியீடாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு எங்கள் ஜன்னல் தெரிந்தது. தேடிப் போனால், கொரியாவில் அதற்கு சூசோக் என்று பெயர், ஜப்பானில் சுய்செகி, இரண்டுக்கும் தாய்வீடு சீனா. அந்தத் தேடலில்தான் யோஷிஹாரு சுகே என்ற ஜப்பானிய மங்கா கலைஞரின் 'திறமையற்ற மனிதன்' கையில் கிடைத்தது. 1985, 86 வாக்கில் தொடராக வந்தது. வேறு எந்தத் தொழிலிலும் நிலைக்காத ஒருவன் தாமா ஆற்றங்கரையில் கொட்டகை போட்டு, அதே ஆற்றில் பொறுக்கிய கற்களை விற்க உட்கார்ந்திருப்பான். காலடியில் இலவசமாகக் கிடப்பதை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்? மனைவி திட்டுவாள். படித்துவிட்டு அம்மாவிடம் கதையைச் சொன்னேன். "உங்கப்பா விக்கலையே, அது வரைக்கும் சரி" என்றார்.

சுய்செகி என்றால் நீர்க்கல். ஆற்றிலோ மலையிலோ கிடைக்கும் கல், பெரும்பாலும் இரண்டு கையால் தூக்கக்கூடிய அளவு. அதன் உருவம் ஒரு தூரத்து மலையையோ, தீவையோ, அருவியையோ, கூரை வீட்டையோ நினைவூட்ட வேண்டும். மேல்பக்கத்தைச் செதுக்கக் கூடாது, மெருகு போடக் கூடாது. அடிப்பக்கத்தைச் சமமாக வெட்டலாமா என்பதே அங்கே தீராத விவாதம். கல்லுக்கு இருக்கை இரண்டு வகை. ஒன்று சுய்பான், ஆழமில்லாத தட்டில் மணல் பரப்பி நடுவில் கல்லை வைப்பது. மற்றது தாய்சா, கல்லின் அடியில் இருக்கும் ஒவ்வொரு மேடு பள்ளத்துக்கும் ஏற்ப மரத்தைக் குடைந்து செய்த பீடம். கல்லில் கைவைக்க அனுமதி இல்லாததால் கலைஞனின் திறமை முழுவதும் அந்த மரத்தில் இறங்குகிறது. கல் அப்படியே இருக்கும், அதற்கு இடம் கொடுக்க மரம்தான் தன்னைக் குடைந்துகொள்ளும்.

இதற்கு முன்னோடி சீனத்தின் அறிஞர் கற்கள். சோங் காலத்து ஓவியரும் எழுத்துக் கலைஞருமான மீ ஃபூ (1051–1107), ஒரு விசித்திரமான பாறையைக் கண்டதும் அரசு உடையை உடுத்திக்கொண்டு அதை வணங்கி "அண்ணா" என்று அழைத்தார் என்பது அங்கே எல்லோரும் சொல்லும் கதை. அதைப் படித்தபோது எனக்கு மாசி பெரியண்ணசாமிதான் ஞாபகம் வந்தார். கொல்லிமலை உச்சியில் இருக்கும் அவர்தான் கீழ்நாட்டுக் குடும்பங்கள் பலவற்றுக்குக் குலதெய்வம். மலையில் இருப்பவனை அண்ணன் என்று கூப்பிட நமக்கும் தெரிந்திருக்கிறது.

ஜப்பானில் இந்தக் கல் மோகம் அரசர்கள் வரை போயிருக்கிறது. 'கனவின் மிதக்கும் பாலம்' என்று பெயர் வைத்த ஒரு சின்னக் கல் நகோயாவில் தோகுகாவா கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 14ஆம் நூற்றாண்டில் ஆட்சியை இழந்து அலைந்த பேரரசர் கோ தாய்கோ அதை அங்கியில் வைத்துக்கொண்டே திரிந்தார் என்பது ஐதீகம். நாடு போனவன் கையில் ஒரு மலையாவது இருக்கட்டும் என்று நினைத்திருப்பானோ என்னவோ.

அப்பா ஏன் சேர்த்தார் என்று நான் ஒருமுறை கேட்டேன். அப்போது நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். மலையின் மேற்பரப்பில் பாக்சைட் உண்டு. பல வருடங்கள் வெட்டி எடுத்து லாரிகளில் மேட்டூருக்குப் போனது. செம்மேட்டுக் கடைத்தெருவில் டீ குடித்துக்கொண்டு நின்றால் சிவப்புத் தூசியோடு அந்த லாரிகள் போகும். எங்கள் வீட்டு இட்லிப் போசியிலேயே கொல்லிமலை கொஞ்சம் இருந்திருக்கலாம். அப்பா லாரியைப் பார்த்தபடி சொன்னார்: "இந்த மலையில இருந்து எது கீழ போனாலும் எடை போட்டுத்தான் போகுது. மிளகு, காப்பி, பலா, கல்லு, எல்லாம். ஒண்ணாவது எடை போடாம போகட்டுமேன்னுதான்." இவ்வளவுதான் அவர் தந்த விளக்கம். பாக்சைட் எடுப்பது பிற்பாடு நின்றுபோனது.

அப்பாவுக்கு வாய்த்த மலையும் லேசுப்பட்டது இல்லை. கொல்லிமலையின் உடம்பு சார்னோக்கைட் என்னும் பாறை. சுமார் 250 கோடி வருடப் பழமை. உடைத்த புதுமுகம் நீலமும் பச்சையும் கலந்த கருமையில் எண்ணெய் தடவியதுபோல இருக்கும். வெயில் மழை பட்டால் மேல்தோல் பழுப்பாகும். அந்தப் பெயரே ஒரு கல்லறையிலிருந்து வந்தது. கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் சமாதிக்குப் பல்லாவரத்துக் கல் போயிருந்தது. 1893இல் தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் அந்தக் கல்லை வைத்து இந்தப் பாறை வகைக்குப் பெயரிட்டார். இறுக்கமான, அடர் நிறமான, சுலபத்தில் தேயாத கல்லைத்தான் சுய்செகிக்காரர்கள் தேடுவார்கள். அப்படிப்பட்ட கல்லாலேயே ஆன மலையில் என் அப்பா வாத்தியாராக இருந்திருக்கிறார், அந்த வார்த்தையைக் கேள்விப்படாமலே.

இந்த மலையில் கல்லைப் பார்த்தவர்களில் அவர் முதல் ஆளும் இல்லை. கொல்லிமலை, சேர்வராயன், சவ்வாது மலைப் பகுதிகளில் மரத்தடிச் சாமிகளுக்கு முன்னால் வழவழப்பான சின்னச் சின்னக் கற்கள் குவிந்திருப்பதைத் தொல்லியலாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஒரு முனை அகன்று கூராகவும் மறுமுனை ஒடுங்கியும் இருக்கும். புதிய கற்காலக் கோடரிகள். என்றோ ஒருவன் நாள்கணக்கில் தேய்த்து, கைப்பிடியில் கட்டி, மரம் வெட்டிய ஆயுதம். ஆயிரக்கணக்கான வருடங்களுக்குப் பிறகு உழவன் ஒருவன் அதை மண்ணில் காண்கிறான். சாதாரணக் கல் இல்லை என்று கைக்குத் தெரிகிறது. என்ன என்று தெரியவில்லை. எறியவும் மனசு வரவில்லை. மரத்தடியில் கொண்டுபோய் வைக்கிறான். என் அம்மா செய்ததும் அதுதானே? அறப்பளீஸ்வரர் கோயில் கதையும் இப்படித்தான். உழும்போது கொழுமுனை பட்டு ரத்தம் வந்தது, தோண்டினால் லிங்கம். கல்லை உற்றுப் பார்த்தால் அது திரும்பிப் பார்க்கும் என்ற பயம் இந்த மலைக்கு இன்னும் பழையது. சங்கப் பாடல்களில் வரும் கொல்லிப்பாவை, சிரித்து மயக்கி, பார்த்தவனைக் கொல்லும் என்பது கதை. "கண்ணு தொறந்துரும்" என்று அம்மா சொன்னதில் ஈராயிரம் வருடச் செய்தி இருக்கிறது.

இதையெல்லாம் யோசித்தபோது சுய்செகிக்காரர்களின் ஒரு வழக்கம் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது. யோசெகி என்கிறார்கள். கல்லை வளர்ப்பது என்று பொருள். புதிதாகக் கொண்டுவந்த கல்லை உடனே அறைக்குள் வைக்க மாட்டார்கள். வெளியே பலகைகளில் அடுக்கி, வெயிலில் விட்டு, தினமும் தண்ணீர் ஊற்றுவார்கள். ஒரு வருடம் இரண்டு வருடம் அல்ல, பல வருடங்கள். மெல்ல மெல்ல மேல்தோலில் ஒரு முதிர்ச்சி வரும், கண்ணுக்கு மட்டும் தெரிகிற ஒரு அமைதியான மினுக்கம். தகப்பன் ஊற்றிய கல்லுக்கு மகன் தொடர்ந்து ஊற்றுவதும் உண்டு.

தினமும் கல்லுக்குத் தண்ணீர் ஊற்றுவதை நாம் அபிஷேகம் என்கிறோம். பஞ்சாயதன பூஜை செய்யும் வீடுகளில் ஐந்து கற்கள் ஒரு தட்டில் இருக்கும். நர்மதையின் பாணலிங்கம் சிவன், கண்டகியின் சாளக்கிராமம் விஷ்ணு, சோணை ஆற்றின் சிவப்புக் கல் பிள்ளையார், சுவர்ணமுகிக் கல் அம்பாள், தஞ்சாவூர் பக்கத்து வல்லத்தின் ஸ்படிகம் சூரியன். கண் மூக்கு எதுவும் செதுக்காத கற்கள். இயற்கையில் கிடைத்த கல், வீட்டுக்குள் தட்டு, தினமும் தண்ணீர், தலைமுறைக்கும் கைமாறுவது. ஒரு சுய்செகிக்காரரை அந்தப் பூஜை அறைக்குள் கொண்டுவந்து விட்டால் அவர் தன் வீட்டுக்கு வந்ததாகவே நினைத்துக்கொள்வார்.

ஒரு வித்தியாசம் உண்டு. கோயிலில் மூலவரை ஆவுடையில் பொருத்தும்போது அஷ்டபந்தன மருந்து சாத்தி இறுக்குகிறோம். எடுக்க முடியாது, எடுக்கக் கூடாது. தாய்சாவில் கல் சும்மா உட்கார்ந்திருக்கிறது. எப்போது வேண்டுமானாலும் தூக்கலாம், கழுவலாம், திருப்பிப் பார்க்கலாம், ஆற்றிலேயே விட்டுவிடலாம். நம் கல்லுக்கு ஒரு கடமை ஒட்டிக்கொண்டு வருகிறது. பூஜை நின்றால் குற்றம். அம்மாவின் பயம் அந்தக் கடமையைப் பற்றியது. அப்பா உயிரோடு இருந்தவரை பார்த்துக்கொள்ள ஆள் இருந்தது. அவர் போன பிறகு 30 கற்கள் ஜன்னலில் பசியோடு காத்திருப்பதாகவே அவருக்குத் தோன்றியிருக்கிறது. வருஷாப்தீகம் முடிந்த மறுவாரம் சொன்னார்: "எடுத்த எடத்துலயே கொண்டுபோய் விட்டுட்டு வந்துரு சாமி. நான் போனப்பறம் நீ எங்க பாக்கப்போற?"

தங்கை எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். எனக்கு மனசில்லை. ஆனால் அம்மாவின் கேள்விக்குப் பதிலும் இல்லை. காரின் பின்பக்கம் பழைய சாக்கு விரித்து, பிரிமணைகளோடு கற்களை அடுக்கிக்கொண்டு மலையேறினேன். மனிதனே முழங்கை மடக்கித் திரும்புகிற வளைவுகள் அவை. ஒவ்வொன்றிலும் கற்கள் ஒன்றோடொன்று மெல்ல இடித்துக்கொண்டன. ஏறிக்கொண்டிருந்தபோது தோன்றியது: இந்த மலைப்பாதையில் கல் கீழிருந்து மேலே போவது இதுதான் முதல் தடவையாக இருக்கும்.

பென்சில் பெயர்களில் ஒன்றைப் பிடித்துப் போய்ச் சேர்ந்த வீடு வளப்பூர் நாட்டுப் பக்கம். அந்தப் பையன் இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். அவனுடைய அப்பா இருந்தார், எழுபது தாண்டிய விவசாயி. "வாத்தியாரு மகனுங்களா, வாங்க வாங்க" என்று திண்ணையில் உட்காரவைத்து வரக்காப்பி கொடுத்தார். அவர் வயல் படிப்படியாக இறங்கும் சரிவு. மேல்படியில் மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்கள், கீழே நெல். அந்த மழையில் ஒரு கல்கட்டு சரிந்திருந்தது. நான் போனபோது அதைத்தான் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தார்.

விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, ஆச்சரியப்படவும் இல்லை. சாக்கைப் பிரித்து ஒவ்வொரு கல்லாக எடுத்தார். "இது ஆத்துக்கல்லுங்க, அய்யாத்துது. ஒடம்பு தேஞ்சிருக்குது பாருங்க. இது காட்டுக்கல்லு. இது நம்ம மேக்காலத்து வயலு." மகன் பெயர் எழுதியிருந்த ஆமைக்கல்லை மட்டும் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார். பிறகு சொன்னார்: "ஆத்துல போட்டீங்கன்னா அடுத்த மழைக்கு ஆகாய கங்கையில உளுந்து புளியஞ்சோலைக்குப் போயிரும். ஆறு அதெல்லாம் கணக்கு வெச்சுக்காதுங்க."

அவர் கல்கட்டு கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிமெண்ட் இல்லை, மண்ணும் இல்லை, வெறும் கல்மேல் கல். ஒரு கல்லை எடுக்கிறார். கையில் வைத்து நாலு பக்கமும் திருப்புகிறார். சுவரில் இருக்கும் பள்ளத்தைப் பார்க்கிறார், மறுபடி கல்லைப் பார்க்கிறார். உடைப்பதே இல்லை. பொருந்தாவிட்டால் ஓரமாக வைக்கிறார், வேறொரு பள்ளத்துக்கு ஆகும் என்று. "என்னங்கய்யா பாக்கறீங்க?" என்றேன். "மொகம் பாக்கறனுங்க. எல்லாக் கல்லுக்கும் ஒரு மொகம் இருக்கும். அதை வெளிய வெச்சு, முதுகை மலைக்குக் குடுத்துட்டா நூறு வருசம் நிக்கும்."

சுய்செகியிலும் முதல் பாடம் அதுவே. கல்லின் முன்பக்கத்தைக் கண்டுபிடிப்பது. மாதக்கணக்கில் திருப்பித் திருப்பி வைத்துப் பார்ப்பார்கள். வேலைக்கும் சாமிக்கும் தவிர நம் ஆட்கள் கல்லைப் பார்ப்பதில்லை என்று அதுவரை நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பார்க்காமல் எந்த வேலையும் நடப்பதில்லை என்பதை அந்தக் கல்கட்டின் முன் உட்கார்ந்து கண்டேன். அந்த மலைச்சரிவு முழுவதும் படிப்படியாக இறங்கும் ஒவ்வொரு கல்கட்டும், யாரோ கையில் எடுத்து முகம் பார்த்து இடம் கொடுத்த கற்கள். ஜப்பானியர் தனியாகப் பிரித்து அறையில் வைத்ததை இவர்கள் பிரிக்காமல் வயலில் வைத்திருக்கிறார்கள். அப்பா இங்கிருந்துதான் கற்றிருக்க வேண்டும்.

காட்டுக்கற்கள் 18. அவற்றை அவரிடமே கொடுத்தேன். ஒவ்வொன்றாக முகம் பார்த்துக் கல்கட்டில் வைத்தார். ஆமையை வரப்பு திரும்பும் மூலையில், நடந்து போகிறவர் கண்ணில் படும்படி வைத்தார். மகன் பெயர் உள்பக்கம் போய்விட்டது. ஆற்றுக் கற்கள் 12ஐயும் அவர் வாங்கவில்லை. "உருண்டு தேஞ்ச கல்லு அடுக்குக்கு நிக்காதுங்க. நீங்களே வெச்சுக்குங்க. பாக்கறதுக்குத்தான அய்யா எடுத்தாரு."

இப்போதெல்லாம் காப்புக்காட்டுக்குள்ளிருந்து ஒரு கல்லைக்கூட எடுக்கக் கூடாது. வனச் சட்டத்துக்குக் கல்லும் வனப்பொருள். அது சரியென்றே நினைக்கிறேன். சுற்றுலா வருகிறவர்கள் ஆளுக்கொரு கல் எடுத்தால் அய்யாறு என்னாகும்? அதனால் இந்த 12 கற்களோடு கணக்கு முடிந்தது. இனி சேராது.

திரும்ப வந்த கற்களைப் பார்த்து அம்மா ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்குள் மட்டும் வேண்டாம் என்றார். பின்வாசல் திண்டில், செம்பருத்தித் தொட்டிக்கும் துளசி மாடத்துக்கும் நடுவில் வரிசையாக வைத்தேன். சில நாள் கழித்துப் பார்த்தால், காலையில் செடிகளுக்கு ஊற்றும் சொம்பை அப்படியே கற்கள்மேலும் சாய்த்துவிட்டுப் போகிறார். பூ வைக்கவில்லை, பொட்டு வைக்கவில்லை. பயம் போய்விட்டதா என்று கேட்டேன். "செடிக்கு ஊத்தற தண்ணிதான. கேக்கறதுக்கு முன்ன நாமளே குடுத்துட்டா அது எதுக்குக் கண்ணைத் தொறக்குது?" என்றார். நான்கு வருடங்களாக நடக்கிறது. யோசெகி என்ற சொல்லை நான் அவரிடம் சொல்லவில்லை.

12இல் ஒன்று அப்பாவுக்கு மிகவும் பிடித்தது. ஒரு முழம் நீளம், நடுவில் ஒரு உச்சி, இடப்பக்கம் நீண்டு சரிகிற தொடர். சேந்தமங்கலத்திலிருந்து பார்த்தால் தெரிகிற மலைதான். காய்ந்திருக்கும்போது சித்திரை மாதத்து மலையைப் போலப் பழுப்பாகக் கிடக்கும். தண்ணீர் பட்டதும் கரும்பச்சையாகிவிடும். பிறகு உச்சிதான் முதலில் காயும். ஈரம் மெல்ல அடிவாரத்துக்கு இறங்கும், பள்ளங்களில் மட்டும் கொஞ்ச நேரம் தங்கும். நேற்றுக் காலை அம்மா காலிச் சொம்போடு அதன் முன்னால் நின்றுகொண்டிருந்தார். கூப்பிட்டேன். திரும்பாமலே சொன்னார்: "செம்மேட்டுல வெயிலு வந்துருச்சு சாமி. காரவள்ளியில இன்னும் ஈரம்."